பள்ளிக் கல்விப் புள்ளிவிவரம் தேடப் புறப்படுகிறவர்களுக்கு

எதிர்வீட்டுப் பெண் பி.எட். படிக்கிறாள். போன வருடம் ஒரு அசைன்மென்டுக்காக வந்து, "அண்ணா, இந்தியாவுல உயர்நிலை வகுப்புல இடைநிற்றல் எத்தனை சதவீதம்?" என்று கேட்டாள். 2023-24 ஆம் ஆண்டுக்கு 14.1 என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, "எங்க மேடம் 10.9-ன்னு சொல்றாங்க, அதே வருஷம், அதுவும் மத்திய அரசு கணக்குதான்" என்றாள். உட்கார்ந்து தோண்டிப் பார்த்தால் இரண்டு எண்ணும் சரி. இரண்டும் ஒரே அமைச்சகம் வெளியிட்டவைதான். எப்படி என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன்னால் இரண்டு மூன்று விஷயம் தெரிந்தால்தான் அது புரியும்.

இந்தக் கட்டுரை பி.எட்., எம்.எட். மாணவர்கள், புதிதாகச் செய்தித் துறைக்கு வந்தவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், சும்மா வாட்ஸ்அப்பில் வந்த ஒரு எண் உண்மையா என்று பார்க்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு. பள்ளிக் கல்வி என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அவ்வளவுதான். கல்லூரிக் கணக்கு வேண்டுமென்றால் அது ஐஷே என்ற தனிக் கணக்கெடுப்பு, இங்கே தேடிப் பயனில்லை.

தேடும் முன் ஒரு தாள் எடுங்கள்

கூகுளைத் திறக்காதீர்கள். முதலில் உங்கள் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். "அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்களா?" என்று எழுதியிருந்தால் அது இன்னும் கேள்வியாகவில்லை. எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, மழலையர் வகுப்பைச் சேர்த்தா சேர்க்காமலா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, அரசுப் பள்ளி என்று எதைச் சொல்கிறீர்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி என்று எத்தனை இருக்கின்றன! கேந்திரிய வித்யாலயாவும் அரசுதான். அரசு உதவி பெறும் பள்ளியைச் சிலர் அரசுப் பக்கம் சேர்ப்பார்கள், சிலர் தனியார் பக்கம் தள்ளுவார்கள்.

நிலைகளின் பெயரில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். தொடக்க நிலை 1 முதல் 5, உயர் தொடக்க நிலை 6 முதல் 8, உயர்நிலை 9, 10, மேல்நிலை 11, 12. இது வகுப்புகளின் கணக்கு. பள்ளிகளின் கணக்கு வேறு. மேல்நிலைப் பள்ளி என்ற பலகை மாட்டிய கட்டடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும். ஆகவே 'மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்' என்று ஒரு அட்டவணை சொன்னால் அது 11, 12 மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை நடுநிலைப் பள்ளியில் படித்தால் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும், அதே வயதுப் பிள்ளை பக்கத்துத் தெரு மேல்நிலைப் பள்ளியில் படித்தால் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும். ஒரு இயக்ககத்தின் எண்ணை மட்டும் எடுத்து 'தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்பு' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன், அதை விடுங்கள்.

போதாததற்குப் புதிய தேசியக் கல்விக் கொள்கை இந்த அடுக்குகளையே மாற்றிவிட்டது. மூன்று வயதிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை அடித்தள நிலை, 3 முதல் 5 ஆயத்த நிலை, 6 முதல் 8 இடைநிலை, 9 முதல் 12 உயர்நிலை. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். பழைய கணக்கில் 9, 10 மட்டும் இருந்த இடத்தில் இப்போது நான்கு வகுப்பு.

உங்கள் ஊர்ப் பள்ளியில் தொடங்குங்கள்

நாடு முழுவதற்குமான அறிக்கையை முதலில் திறந்தால் தலை சுற்றும். நீங்கள் நேரில் பார்த்த, உள்ளே போய் வந்த ஒரு பள்ளியிலிருந்து தொடங்குங்கள். யூடைஸ் என்பது மத்தியக் கல்வி அமைச்சகம் நாட்டின் எல்லாப் பள்ளிகளிடமும் ஆண்டுதோறும் விவரம் வாங்கும் தொகுப்பு. அதில் இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், அதன் பின் மூன்று கிராமம் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. தலைமையாசிரியர் அறைப் பலகையிலோ பள்ளி முத்திரையிலோ அது இருக்கும், இல்லையென்றால் கேட்டால் சொல்வார்கள், ரகசியம் ஒன்றுமில்லை.

யூடைஸ் பிளஸ் தளத்தில் 'உங்கள் பள்ளியை அறியுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இந்த எண்ணைப் போட்டாலும் சரி, மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கிப் போனாலும் சரி, அந்தப் பள்ளியின் அறிக்கை அட்டை வரும். எந்த வகுப்பில் எத்தனை பையன், எத்தனை பெண், எத்தனை ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், நூலகம். உள்நுழைவு எதுவும் தேவையில்லை.

இப்போது உங்கள் வேலை, அந்த அட்டையில் உள்ளதை நீங்கள் கண்ணால் பார்த்ததோடு வைத்துப் பார்ப்பது. எங்கள் பகுதியில் ஒரு பள்ளியின் அட்டையில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறை என்று போட்டிருந்த ஒன்று, நான் பார்த்த வரைக்கும் பூட்டியே கிடந்தது. பொய் எழுதினார்கள் என்று உடனே குதிக்க வேண்டாம். விவரம் ஏற்றிய நாளில் அது திறந்திருக்கலாம், பூட்டியதற்குத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்று மனதில் பதிந்துவிடும். நாட்டின் பெரிய எண்கள் எல்லாம் இப்படி ஒரு தலைமையாசிரியரோ, கணினி தெரிந்த ஒரு ஆசிரியரோ, மாலையில் உட்கார்ந்து நிரப்பிய படிவங்களின் கூட்டுத்தொகை. பிறகு ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று மேலே சரிபார்த்துக்கொண்டு போவார்கள், ஆனாலும் ஊற்று அங்கேதான்.

பெரிய அறிக்கை

ஒரு பள்ளி புரிந்துவிட்டால் மொத்த அறிக்கைக்கு வரலாம். இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1994-95 இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்காக டைஸ் என்று தொடங்கியது, தொடக்கக் கல்விக்கு மட்டும். உயர்நிலைக்குத் தனியாக ஒரு கணக்கு பிற்பாடு வந்தது. 2012-13 இல் இரண்டையும் ஒன்றாக்கி யூடைஸ் ஆக்கினார்கள். 2018-19 முதல் கல்வி அமைச்சகமே இணையம் வழியாக நேரடியாக நடத்துகிறது, அதுதான் யூடைஸ் பிளஸ். வழக்கமாக செப்டம்பர் 30 ஐக் குறிப்பு நாளாக வைப்பார்கள்.

அடுத்து வருவதுதான் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது. 2021-22 வரை ஒவ்வொரு பள்ளியும் 'ஐந்தாம் வகுப்பில் 32 பேர்' என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தது. 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும் என்று மாறியது. ஒரே பிள்ளை இரண்டு பள்ளிகளின் பதிவேட்டில் இருந்தால் முன்பு இரண்டு தலை, இப்போது அது மாட்டிக்கொள்ளும். விளைவு என்ன? 2021-22 இல் மழலையர் சேர்த்து 26.52 கோடி, 2022-23 இல் 25.18 கோடி, 2023-24 இல் 24.80 கோடி, 2024-25 இல் 24.69 கோடி. முதல் இரண்டு எண்ணை மட்டும் எடுத்து 'ஒரே ஆண்டில் ஒன்றேகால் கோடிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடினர்' என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்தச் சரிவில் எண்ணும் முறை மாறியதன் பங்கு இருக்கிறது, முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிட முடியாது என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 25.18 இலிருந்து 24.80 ஆனது வேறு கதை. இரண்டு ஆண்டும் ஒரே முறையில் எண்ணியவை, அந்த 37 லட்சத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயம். பிறப்பு குறைவது ஒரு காரணமாக இருக்கலாம், பதிவு இன்னும் சுத்தமாவது ஒரு காரணமாக இருக்கலாம், உண்மையாகவே பள்ளியை விட்டவர்களும் இருக்கலாம். அறிக்கை உங்களுக்கு எண்ணிக்கையைத்தான் தரும், காரணத்தைத் தராது.

ஆகவே காலவரிசை அட்டவணை போடுகிறவர்கள் 2021-22 க்கும் 2022-23 க்கும் நடுவில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள், அப்படியே தொடர் கோடாக வரைபடம் வரையாதீர்கள்.

சேர்க்கை விகிதத்தில் இன்னொரு சங்கடம். மொத்தச் சேர்க்கை விகிதம் என்றால் ஒரு நிலையில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும், எந்த வயதானாலும், அந்த நிலைக்கு உரிய வயதுள்ள மக்கள்தொகையால் வகுப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தால் மேலே சேரும், கீழே சேராது. அதனால் 100 ஐத் தாண்டும், தாண்டினால் தப்பு என்று நினைக்க வேண்டாம். உரிய வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் அது நிகரச் சேர்க்கை விகிதம். இரண்டையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றி எழுதுவது சகஜமான பிழை. அப்புறம், அந்தக் கீழ் எண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? நம்மிடம் உள்ள கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. 2021 இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை, 2027 க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதுவரை எல்லாமே 2011 ஐ வைத்துக் கணித்த மதிப்பீடு. வேலைக்காகக் குடும்பங்கள் வந்து குவியும் மாவட்டங்களில் இந்த மதிப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் 98 க்கும் 101 க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு நான் போக மாட்டேன்.

14.1 எப்படி 10.9 ஆனது

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். 2023-24 அறிக்கை பழைய அடுக்கில் இடைநிற்றலைக் கொடுத்தது. தொடக்க நிலை 1.9, உயர் தொடக்க நிலை 5.2, உயர்நிலை, அதாவது 9, 10 வகுப்பு, 14.1 சதவீதம். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில் வெளியான 2024-25 அறிக்கை புதிய அடுக்குக்கு மாறியது. அதில் உயர்நிலை 8.2 என்று போட்டு, ஒப்பீட்டுக்காக முந்தைய ஆண்டு 10.9 என்றும் போட்டார்கள். இது 9 முதல் 12 வரை. பத்தாம் வகுப்பைத் தாண்டி மேலே போன பிள்ளைகள் அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை, அதனால் நான்கு வகுப்பையும் சேர்த்தால் விகிதம் இறங்கிவிடும். அதே ஆண்டு, அதே அமைச்சகம். 'உயர்நிலை' என்ற சொல் மட்டும் இடம் மாறியது.

இப்போது யாராவது 14.1 ஐயும் 8.2 ஐயும் பக்கத்தில் வைத்து 'ஒரே ஆண்டில் ஆறு சதவீதம் குறைந்தது' என்று எழுதினால் அவர் அட்டவணையின் தலைப்பு வரியைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 10.9 இலிருந்து 8.2 என்று எழுதலாம், தவறில்லை.

இடைநின்றவர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இந்த ஆண்டு ஒரு வகுப்பில் இருந்த பிள்ளை அடுத்த ஆண்டு மேல் வகுப்பிலும் இல்லை, அதே வகுப்பிலும் இல்லை என்றால் இடைநிற்றல். வேலைக்குப் போன பிள்ளையும் அதில் வரும், பெற்றோரோடு வேறு மாநிலத்துக்குப் போய்ப் பதிவு இன்னும் சேராத பிள்ளையும் வரலாம். தமிழ்நாட்டு ஆசிரியர்களைக் கேட்டால் 'காமன் பூல்' என்பார்கள். ஒரு பிள்ளை பள்ளி மாறும்போது பழைய பள்ளி அதன் பெயரை எமிஸ் என்ற மாநில அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் ஒரு பொதுத் தொட்டியில் போடும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கத் தாமதமானால் அந்தப் பிள்ளை கணக்கில் எங்கும் இல்லாமல் கிடக்கும். ஒரு பள்ளியில் இடைநிற்றல் திடீரென்று ஏறியிருந்தால் முதலில் இதைக் கேளுங்கள், பிறகு வறுமை, குழந்தைத் திருமணம், செங்கல் சூளை என்று காரணம் தேடலாம்.

வீட்டு வாசலில் எண்ணியது

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளி வாசலில் நின்று எண்ணிய கணக்கு. பள்ளிக்கே வராத பிள்ளையைப் பள்ளி வாசலில் நின்று எப்படி எண்ணுவீர்கள்? அதற்கு வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களில் இரண்டு பேரைப் புதியவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று அசர். சில பத்திரிகைகள் ஏசர் என்று எழுதும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 இல் தொடங்கியது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு, வீட்டில் 3 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களைத் தனியாக உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. கணக்கில் எண் தெரிகிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா, வகுக்கத் தெரிகிறதா. அவ்வளவே. 2024 சுற்றில் 605 மாவட்டங்களில் 17,997 கிராமங்களுக்குப் போய் சுமார் 6.5 லட்சம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018 இல் 20.9 சதவீதம், கொரோனா கழிந்து 2022 இல் 16.3, 2024 இல் 23.4. பள்ளி மூடிக் கிடந்த காலம் என்ன செய்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எண் வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சோறாக இருந்தால்தான். அசர் கிராமப்புறம் மட்டும். சென்னை முழுக்க நகரம் என்பதால் அதில் சென்னை மாவட்டமே கிடையாது. 'தமிழ்நாட்டு மாணவர்களில் இத்தனை பேருக்குப் படிக்கத் தெரியவில்லை, அசர் சொல்கிறது' என்று எழுதாதீர்கள், 'தமிழ்நாட்டுக் கிராமப்புற' என்று எழுதுங்கள். அடுத்தது, ஒரு மாவட்டத்துக்கு 600 வீடுதான். அதிலிருந்து உங்கள் மாவட்டத்தின் மூன்றாம் வகுப்புக்கு மட்டும் தனி எண் தேடினால் கையில் மிஞ்சுவது சில பத்துப் பிள்ளைகள். இன்னொன்றும் உண்டு, எல்லா ஆண்டும் அசர் ஒரே மாதிரி இல்லை. 2017 உம் 2023 உம் 14 முதல் 18 வயது பற்றியவை, 2019 சின்னப் பிள்ளைகள் பற்றியது, 2020 இலும் 2021 இலும் போனில் கேட்டார்கள். 2018, 2022, 2024 இவற்றைத்தான் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மாதிரிக் கணக்கெடுப்பு. குடும்பம் படிப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறது, டியூஷனுக்கு யார் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட்டால் வேறு நல்ல இடம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த சுற்றில் 52,085 குடும்பங்களில் 57,742 மாணவர்களைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவு அரசுப் பள்ளியில் சராசரி 2,863 ரூபாய், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். 27 சதவீத மாணவர்கள் டியூஷன் போகிறார்கள். இதற்கு முந்தைய பெரிய சுற்று 2017-18, 75 ஆவது சுற்று என்பார்கள். ஒப்பிட ஆசை வரும், ஒப்பிடாதீர்கள். புதிய சுற்றில் அங்கன்வாடியை மழலையர் கல்வியில் சேர்த்திருக்கிறார்கள், டியூஷன் செலவைப் பள்ளிச் செலவிலிருந்து பிரித்திருக்கிறார்கள், நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

கற்றல் அடைவு பற்றி அரசே நடத்தும் தேர்வு ஒன்று உண்டு. தேசிய அடைவுத் தேர்வு, ஆங்கிலச் சுருக்கத்தில் நாஸ் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது, சுமார் 34 லட்சம் பேர் எழுதினார்கள். அடுத்தது பெயர் மாறி, பராக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷன் என்று 2024 டிசம்பர் 4 அன்று நடந்தது, 74,229 பள்ளிகளில் 21.15 லட்சம் பேர். வகுப்பும் மாறிவிட்டது, 3, 6, 9. பெயர் மாறினால் பரவாயில்லை, வகுப்பு மாறினால் பழையதோடு கோடு போட்டு இணைக்க முடியாது.

அசரும் இதுவும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒன்று வீட்டில், வாய்மொழியாக, எல்லா வயதுக்கும் ஒரே எளிய தாள். இன்னொன்று பள்ளியில், வட்டம் நிரப்பும் தேர்வு, அந்தந்த வகுப்புக்குத் தனித் தாள், நகரமும் உண்டு, தனியார் பள்ளியும் உண்டு. அசர் நடந்த நாளில் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்த பிள்ளையும் கணக்கில் வரும், இதில் அன்று வகுப்புக்கு வந்த பிள்ளை மட்டும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவும் 2025 இல் 3, 5, 8 வகுப்புகளுக்குத் தனியாக ஓர் அடைவுத் தேர்வு நடத்தியது, அதையும் சேர்த்துப் படியுங்கள், மாவட்ட அளவு விவரத்துக்கு அது உதவும்.

பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2025 இல் பத்தாம் வகுப்பு 93.80, பன்னிரண்டாம் வகுப்பு 95.03. இந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் என்பது. எழுத வராதவர்கள் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத்துக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று பெரிய பேச்சானது நினைவிருக்கிறதா? அதில் பலர் முந்தைய ஆண்டே 11 ஆம் வகுப்புத் தேர்வுக்கு வராதவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. ஒரு மாவட்டம் முதலிடம் என்ற செய்தியைப் பார்த்தால், பதிந்தவர் எத்தனை, எழுதியவர் எத்தனை என்று அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். முடிவு வரும் நாளிலேயே அதை வெளியிடுவார்கள்.

தமிழ்நாட்டுக் கணக்கு எங்கே இருக்கிறது

ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது பள்ளிக் கல்வித் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தமிழ்நாடு அரசு இணையதளத்தில் கிடைக்கும். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. பள்ளிகள், மாணவர், ஆசிரியர், எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி போன்ற திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய பணம், எல்லாம் ஒரே இடத்தில். அரசு தன்னைப் பற்றித் தானே எழுதுவது என்பதை மட்டும் மறக்கக் கூடாது, சாதனை முன்னால் வரும், சரியாக நடக்காதது அடுத்த ஆண்டுக் குறிப்பில் சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டு ஆண்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது தெரியும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி பற்றிய விவரம் அந்தத் துறையின் தனிக் குறிப்பில் இருக்கும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் 'தரவே இல்லை' என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

பலர் எட்டிப் பார்க்காத இன்னொரு புதையல் நாடாளுமன்றக் கேள்வி பதில். ஒரு உறுப்பினர் கேட்ட நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு அமைச்சர் எழுத்தில் கொடுத்த பதில், கடைசியில் மாநிலவாரி இணைப்பு அட்டவணையோடு, நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் தேடினால் வரும். ஆசிரியர் காலிப் பணியிடம், ஓராசிரியர் பள்ளி, நிதி விடுவிப்பு, இதற்கெல்லாம் அங்கேதான் போவேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25 க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி விவாதத்தைவிட இந்தப் பதில்களும் அந்தத் திட்டத்தின் ஒப்புதல் குழுக் கூட்டக் குறிப்புகளும்தான் எனக்கு உதவின.

பாடநூலும் பாடப்பொருளும்

இது எளிது. தமிழ்நாட்டுப் பாடநூல் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தளம் அல்லது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தளம். வேறெங்கும் வேண்டாம். தனியார் பக்கங்களில் தங்கள் பெயரை மேலே அச்சடித்த பிடிஎஃப் கிடைக்கும், அதில் எது எந்தப் பதிப்பு என்றே தெரியாது. தமிழ்நாட்டில் 2018-19 இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்றவற்றுக்கும் பாடத்திட்டம் மாறியது, அதற்கு முந்தைய நூல் இன்னும் இணையத்தில் உலவுகிறது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. தளம். அங்கேயும் 2023 இல் 1, 2 ஆம் வகுப்பில் தொடங்கி, 2024 இல் 3, 6 என்று புதிய நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன, அட்டையைப் பார்த்து இறக்குங்கள். நூலில் உள்ள க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் காணொளி வரும், கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி இரண்டும் உண்டு.

அரசுத் தளமா என்று சந்தேகம் வந்தால் முகவரியின் கடைசியைப் பாருங்கள், ஜி.ஓ.வி. டாட் இன் அல்லது என்.ஐ.சி. டாட் இன் என்றுதான் பெரும்பாலும் முடியும், சன்சத் தளம் போல விதிவிலக்கும் உண்டு. நடுவில் இருந்தால் போதாது.

எடுத்ததை வைத்துக்கொள்வது

அறிக்கையைத் திறந்து பார்த்துவிட்டு மூடாதீர்கள், பிடிஎஃப் ஆக இறக்கி, ஆண்டையும் நீங்கள் இறக்கிய தேதியையும் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்பு செத்துப்போகும். நான் நம்பி இருந்த ஒரு பக்கம் ஒரு நாள் காலையில் வெற்றுத் திரையாக நின்றது, நல்லவேளை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு நகல் இருந்தது. சாட் செயலிகளிடம் எண் கேட்டால் பளிச்சென்று ஒன்றைச் சொல்லும், அதை எந்த அறிக்கையின் எந்த அட்டவணை என்று நீங்களே போய்ப் பார்க்கும் வரை அது எண் இல்லை, வதந்தி.

எங்கும் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் குறைந்தது' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இந்த ஒன்றியத்தில் 2022-23, 2023-24, 2024-25 ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பள்ளிவாரியாக' என்று கேளுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் கடைசியில் தன் அசைன்மென்டில் இப்படி எழுதினாள்: 'இந்தியா, 2023-24, 9, 10 வகுப்புகள், யூடைஸ் பிளஸ் 2023-24 அறிக்கை, 14.1 சதவீதம். அதே ஆண்டு, 9 முதல் 12 வகுப்புகள், 2024-25 அறிக்கையில் கொடுத்தபடி, 10.9 சதவீதம்.' மேடம் முழு மதிப்பெண் போட்டாராம், எனக்கு ஒரு டீ கூட வரவில்லை.